சாய்வுக் கம்பி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்பு சுகமா, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். இங்க எல்லாரும் சுகம்னு எழுதுறதுதான் முறை, எழுதினா பொய்யாயிடும், அதனால அந்த வரியைத் தாண்டி மேல போறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதாசி எழுதுறான்னு யோசிப்பே. போன்ல பேசினா அப்பா காதுல விழும், நம்ம வீட்டுச் சுவருதான் உனக்குத் தெரியுமே, இந்த ரூம்ல பெருமூச்சு விட்டா அந்த ரூம்ல என்னன்னு கேப்பாங்க. அதோட உன்கிட்ட போன்ல சொல்ல மாட்டேன்னு அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். எழுத மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணல. மருந்துக் கடைக்காரரோட மச்சினி நாளைக்கு உங்க ஊருக்குக் கிளம்புறா, அவ கையில இதைக் குடுத்து விடுறேன்.

நிலம் ஆடின அன்னைக்கு நீ பதறிப் போய்க் கூப்பிட்டப்போ ஒரு கீறல் கூட இல்லடீன்னு சொன்னேனே, அது நம்ம வீட்டுக்குச் சரி. அலமாரியிலேர்ந்து ரெண்டு டப்பா உருண்டதோட போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டடமும் அப்படியே கல்லு மாதிரி நின்னுச்சு, பேப்பர்ல கூடப் பெருமையா போட்டிருந்தான். உள்ள போனவங்களுக்குத்தான் சங்கதி தெரியும். அப்பாவுக்கு டயாலிசிஸ் பண்ற ஹால்ல ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல தண்ணிப் பைப்பெல்லாம் கம்பியில தொங்கிக்கிட்டிருக்கும். நேரா தொங்குற கம்பி பாரத்தைத் தாங்குமாம், ஆட்டத்தைத் தாங்காதாம். ஆட்டத்துக்குன்னு பக்கவாட்டுல சாய்வா கம்பி வெச்சு மேல் தளத்தோட இறுக்கிப் பூட்டணுமாம். அந்த ஹால்ல அது இல்ல. பைப்பு ஊஞ்சல் மாதிரி ஆடி, பக்கத்துல ஏசி காத்து போற தகர டக்ட்ல இடிச்சு, வளைவுல உடைஞ்சு, தொட்டித் தண்ணி மொத்தமும் மெஷினுங்க மேல கொட்டிடுச்சு. நல்ல வேளை, ஹாலைத் துடைக்கிற நேரம், படுக்கையில யாரும் இல்ல. ஆனா மெஷின் ஒண்ணு கூடத் தேறல. ஹாலைப் பூட்டிட்டாங்க. இதைத்தான் உன்கிட்ட மறைச்சேன்.

அப்புறம் ரெண்டு பஸ் மாறிப் போற ஆஸ்பத்திரியில சேர்த்துக்கிட்டாங்க, ஆனா இங்கேர்ந்து போனவங்க கூட்டம் தாங்காம வாரத்துக்கு ஒரு தடவைதான் முறை வந்துச்சு. மூணு தடவை சுத்தம் பண்ண வேண்டிய ரத்தத்தை ஒரு தடவை பண்ணா என்ன ஆகும். கால் வீங்கி, முகம் உப்பி, படுத்தா மூச்சு வாங்கி, தலையணையை அடுக்கி உக்காந்தபடியேதான் தூங்குறார். தம்பிதான் வேலைக்கு லீவு போட்டுட்டு ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டுப் போனான். பஸ்ல ஏறினா அப்பாவுக்கு முப்பது வருஷ டிரைவர் புத்தி வந்துடும், பிரேக் அடிக்கிறான் பாரு கழுதைன்னு சீட்டுல உக்காந்தே காலை அமுக்குவார். வீங்கின காலு செருப்புக்குள்ள போகாம, தம்பியோட பெரிய செருப்பைப் போட்டுக்கிட்டுதான் அந்த பிரேக்கெல்லாம் அமுக்கினார். சிரிக்கவும் முடியல, அழவும் முடியல போ.

இனிமேதான் எழுதவே கை வரமாட்டேங்குது. உடைஞ்சதைச் சரி பண்ற வேலை தம்பியோட மேஸ்திரிக்குத்தான் கிடைச்சிருக்கு. அந்த ஹால் கட்டினப்போ டக்ட் மாட்டினதும் அவங்க ஆளுங்கதான், நீ இங்க இருந்தப்போ நடந்தது, அப்பாவுக்கு அப்ப சீக்கே இல்ல. வேலை ஆரம்பிச்ச அன்னைக்கு வந்தவன் கை கழுவிட்டுத் தட்டு முன்னாடி உக்காந்தான், ஒரு வாய் எடுத்து வைக்கல. என்னடான்னா சீலிங்கைப் பிரிச்சோம்மாங்கிறான். பைப்புல சாய்வுக் கம்பி மாட்டுற பட்டை அப்படியே இருக்காம், தளத்துல போல்ட்டு ஓட்டையும் இருக்காம், கம்பி மட்டும் இல்லையாம். பைப்புக்காரங்க ஒழுங்காத்தான் மாட்டிட்டுப் போயிருக்காங்க. பின்னாடி வந்த இவங்களுக்கு டக்ட் போற வழியில அது குறுக்க நின்னிருக்கு. கழட்டு, பைப்புக்காரன் வந்து தள்ளி மாட்டிக்குவான்னு மேஸ்திரி சொல்லியிருக்கார். பைப்புக்காரன் எங்க வர்றது, அவன் வேலை முடிஞ்சு வேற ஊர் போயாச்சு. சீலிங்க்காரன் வந்து மூடிட்டான். அவன் பார்ப்பான்னு இவனும், இவன் பார்ப்பான்னு அவனும். உங்கள்ல யாருடா கழட்டினதுன்னு கேட்டேன். ஒல்லியா இருக்கேன்னு என்னைத்தாம்மா மேல ஏத்தினாங்கன்னான்.

நான் என்ன சொல்லட்டும் கண்ணு. சொன்னா வேலை செய்யிற பையன், சொன்னதைச் செஞ்சான். அப்பாகிட்ட வாயைத் திறக்காதே, மனுஷன் படுற பாடு போதும்னு அடக்கி வெச்சேன். அவனுக்குத்தான் மனசுல ஒண்ணு நிக்காதே. போன தடவை திரும்பி வரும்போது பஸ்லயே அப்பாகிட்ட கொட்டிட்டான். அப்பா ஜன்னலையே பார்த்துட்டு வந்தாராம். அந்த ஹால் எப்ப திறப்பாங்கன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டாராம். அஞ்சாறு மாசம் ஆகும்னிருக்கான் இவன். அதோட சரி, அன்னையிலேர்ந்து அவன்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. மருந்து வேணும்னா என்கிட்ட சொல்லுவார், நான் அவன்கிட்ட சொல்லணும், ரெண்டு பேரும் கையெட்டுற தூரத்துலதான் இருப்பாங்க. காலைப் பிடிச்சு விட்டா விடுவார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

அடுத்த முறை வந்தப்போ நான் போகலன்னுட்டார். நான் கத்தினேன், காலைப் பிடிச்சேன், பக்கத்து வீட்டு டீச்சர் வந்து சொல்லிப் பார்த்தாங்க, ஆட்டோவே வெச்சுடலாம்னான் தம்பி. போதும்னு ஒரே பேச்சு. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், அவங்க, சுத்தம் பண்ணலன்னா ரெண்டு வாரம் தாண்டுறது கஷ்டம்மா, அவர் தெளிவாத்தான் சொல்றார்னா வற்புறுத்தாதீங்கன்னாங்க. அந்த ரெண்டு வாரத்துல பாதி இப்பவே போயிடுச்சு. அலுப்புல போதும்னாரா, இவன் மேல கோபத்துல போதும்னாரா, எனக்கே தெரியல. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி என்ன புண்ணியம், அந்த மனுஷன் மனசு எனக்குப் பிடிபடல.

தம்பி என்னாலதான்னு முடிவே கட்டிட்டான். விடியறதுக்குள்ள வேலைக்கு ஓடுறான். ஒவ்வொரு சாய்வுக் கம்பியையும் மாட்டினதும் அதைப் பிடிச்சு ஆள் பாரம் மொத்தமும் போட்டுத் தொங்கிப் பார்க்கிறானாம், அடுத்தவன் மாட்டினதையும் விடறதில்லையாம். மேஸ்திரியே வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போனார், பையன் வீடு போகமாட்டேங்கிறான், எனக்குப் பயமா இருக்கும்மான்னு. வேலையைச் சீக்கிரம் முடிச்சா ஹாலைச் சீக்கிரம் திறந்துடுவாங்கன்னு அவனுக்கு ஒரு நினைப்பு. புது மெஷின் வந்து சேரவே மாசக்கணக்காகும்னு அவனுக்கும் தெரியும்.

நீ கிளம்பி வரணும்னு துடிப்பே. அந்த நாட்டுல தங்குற பேப்பர் கைக்கு வராம அங்கேர்ந்து காலை எடுத்தா திரும்பி உள்ள விடமாட்டாங்க, மாப்பிள்ளை அங்க நீ இங்கன்னு ஆயிடும்னுதான் அப்பா அந்த சத்தியம் வாங்கினதே. வான்னு சொல்ல எனக்கு வாய் வரல, வராதேன்னு சொல்ல மனசு வரல. நீயே முடிவு பண்ணு. எதுன்னாலும் அம்மா உன்னைக் குறை சொல்லமாட்டேன், யாரையும் சொல்ல விடவும் மாட்டேன்.

நேத்து மத்தியானம் நடந்ததைச் சொல்லி முடிச்சுடுறேன். அப்பாவுக்குத் தண்ணி அளந்து குடுக்கிறது தம்பிதான், பாட்டில்ல கோடு போட்டு, ஒரு மடக்கு கூடினாலும் அது வெளிய போகாம உடம்புலயே தங்கிடும்னு சண்டை போடுவான். நேத்து நான் ஜாக்கெட் தெச்சுக்கிட்டிருந்தேன், தண்ணி அளந்து வெக்க வேலையிலேர்ந்து ஓடி வந்தவன் கட்டில் ஓரமா நின்னான். அப்பா அவனையே பார்த்து, "டேய், ஒரு சொம்பு நிறைய தண்ணி குடுடா"ன்னார். அத்தனை நாளுக்கப்புறம் அவன்கிட்ட பேசின முதல் பேச்சு அது. அவன் என்னைப் பார்த்தான். குடுன்னு தலையாட்டினேன் கண்ணு, நான்தான் ஆட்டினேன். சொம்பு நிறையக் கொண்டு வந்து, பின்னந்தலையைத் தாங்கிக் குடுத்தான். வருஷக்கணக்கான தாகம், முழுசும் குடிச்சார். குடிச்சுட்டு அவன் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, "உக்காரு, வேலைக்கு அப்புறம் போலாம்"னார். சாயங்காலம் வரைக்கும் அவன் எழுந்திருக்கல.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் சேர்ந்து இருக்கணும், உன் வயித்துல பிறக்கிறது நோய்நொடி இல்லாம வளரணும், அப்பாவோட ஆசீர்வாதமும் இதுல சேர்த்திதான். தம்பிக்கு நீயா ஒரு வரி எழுது, நான் சொன்னேன்னு காட்டிக்காதே. அப்புறம் ஒண்ணு, ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா எடுத்த எடுப்புல, அப்பா இன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சார்னு கேப்பியே, இந்த ஞாயிறு அதைக் கேக்காதே.

உன் அம்மா