கடலாடி மெஸ்

11 மே 2025, ஞாயிறு

தெருமுனையில் அரிசிக்கடை இருந்த இடத்தில் ஓட்டல் திறந்திருக்கிறார்கள். கடலாடி மெஸ். வெயிலில் அடுப்படியில் நிற்க முடியவில்லை என்று நான் சலித்துக்கொண்டதும், "இன்னைக்கு அங்கன போயிச் சாப்பிடுவோமா?" என்றாள் அம்மா.

அம்மாவா கேட்டது? வெளிச்சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும் என்று, அய்யா கண்டக்டராக இருந்த காலமெல்லாம் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுத்தவள். போன புரட்டாசியில் அய்யா செத்த பிறகு அவள் வாசலைத் தாண்டுவதே அதிசயம்.

போனோம். பாறை மீன் குழம்பு. கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்கு இரண்டாம் சோறு கேட்காத நாகேந்திரன் அங்கே மூன்று தடவை கேட்டு வாங்கினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த கடைக்காரன் அம்மா இலையை மட்டும் தாண்டிப் போனான். "அவங்களுக்கு மோர் கொண்டாரேன்."

அம்மாவுக்குச் சர்க்கரை என்று இவனுக்கு யார் சொன்னது?

12 மே

காலையில் பல் தேய்க்கும்போது நினைவு வந்தது. கை கழுவும் இடம் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. நான் தேடினேன். அம்மா யாரையும் கேட்காமல் நேராகப் போனாள்.

முதல் தடவைதானே?

20 மே

விசாரித்தேன். கடைக்காரன் பேர் சின்னக்கருப்பன். முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கடலாடிக்காரன், தாய் தகப்பன் இல்லையாம். இந்தத் தெருவில் வியாபாரம் இல்லை என்று அரிசிக்கடைக்காரரே காலி செய்துவிட்டுப் போனார். ராமநாதபுரத்தில் இவனுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

"மீன் குழம்பு வைக்கிறவனுக்கு எதுக்கு மது இவ்வளவு விசாரணை?" என்கிறார் நாகேந்திரன்.

1 ஜூன், ஞாயிறு

மறுபடி போனோம். அம்மாதான் கேட்டாள். "டீச்சர், இன்னும் கொஞ்சம் சோறு?" என்கிறான். நான் டீச்சர் என்று தெருவுக்கே தெரியும். இருந்தாலும் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நான் பார்க்காதபோது பார்க்கிறான்.

9 ஜூன்

அம்மா கையில் தங்க வளையல் இல்லை.

10 ஜூன்

"கை வீங்குதுடி, கழட்டி பீரோவுல வச்சிருக்கேன்" என்றாள். பீரோவைத் துணி துணியாக எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை.

இப்போது புரிகிறது. புருஷனை இழந்த பொம்பளை, பையன் பிள்ளை இல்லாத வீடு. பெத்த மகன் மாதிரி ஒட்டிக்கொண்டு, முதலில் வளையல். அப்புறம்? இந்த வீடா? அய்யா பேரில்தானே இன்னும் இருக்கிறது.

நாகேந்திரன் சிரிக்கிறார். "அத்தை என்ன பச்சப்புள்ளையா? நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்."

18 ஜூன், புதன்

அரைநாள் லீவு போட்டு, சொல்லாமல் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. மெஸ்ஸின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அம்மா கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். "ஏலே, புளிய இம்புட்டுக் கரைச்சா எவன் திம்பான்?" அவன் ஏதோ சொன்னான். அம்மா சிரித்தாள். அய்யா போன பிறகு நான் பார்க்காத சிரிப்பு.

உள்ளே போய்க் கேட்டிருக்க வேண்டும். ஏன் போகவில்லை?

சாயங்காலம், "எங்க போயிருந்த?" என்றேன். "கோயிலுக்கு." கை முழுக்க வெங்காய வாசனை.

21 ஜூன், சனி

இன்று விடவில்லை. கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போனேன். "எங்கம்மா வளையல் எங்க?" என்று நேராகவே கேட்டேன். அவன் முகம் கறுத்துவிட்டது. "வேணாம்னுதான் சொன்னேன் டீச்சர். பெரியம்மாதான் கேக்கல."

பெரியம்மாவா? யாருக்கு யார் பெரியம்மா?

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்து இடது கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பதில் சொல்ல முடியாதபோதெல்லாம் அய்யா அப்படித்தான் நிற்பார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆமாடி. உங்க அய்யா மகன்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கடைசி பஸ்ஸக் கொண்டுபோயி கடலாடியில தங்கிட்டு வார மனுசன், அழுக்குச் சட்டையோட போயி துவைச்ச சட்டையோட வந்தா பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

அத்தனை வருஷமும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கேட்டால், உண்மையைச் சொல்லிவிட்டு அங்கேயே போய்விடுவாரோ என்று பயமாம். அந்தப் பொம்பளை இவனைத் தனியாக விட்டுவிட்டு எப்போதோ செத்துப்போனாள். அய்யாவை எடுத்த அன்று பந்தலுக்கு வெளியே நின்று ஒருத்தன் வாயைப் பொத்தி அழுதானாம். அம்மா பார்த்திருக்கிறாள். கடலாடி பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பி வரவழைத்தவளும் அவள்தான்.

"இங்கன வந்து கடை போடுன்னு நான்தான் சொன்னேன். அவன் மாட்டேன்னான். வளையல் எங்க அம்மா எனக்குப் போட்டது. யாருக்குக் குடுக்கணும்னு நான்தான சொல்லணும்?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சோறு திங்க வந்திருக்க மாட்ட."

22 ஜூன்

எனக்கு ஒரு தம்பி.

எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

23 ஜூன்

அய்யா படத்துக்கு விளக்கேற்றவில்லை. அம்மா ஏற்றினாள். அவளுக்கு ஏற்ற முடிகிறது, எனக்கு முடியவில்லை. என்ன பொம்பளை இவள்!

6 ஜூலை, ஞாயிறு

நாகேந்திரன் மட்டும் போய்ச் சாப்பிட்டு வந்தார். திட்டினேன். "அவன் என்னடி தப்புப் பண்ணினான்?" என்றார். ஆனால் இப்போது நல்லவனாக இருப்பவன் நாளைக்கு வீட்டில் பங்கு கேட்க மாட்டான் என்று யார் எழுதிக் கொடுத்தது?

15 ஜூலை

ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை போகிறோம். "மாப்பிள்ளை தர்ப்பணம் பண்ணட்டும். அவன் தள்ளி நின்னு பாத்துக்கிடட்டும். அது ஒண்ணுதான் கேட்டான். வேற எதும் கேக்கல மது."

நான் எழுந்து கொடித்துணியை எடுக்கப் போனேன். அம்மா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

24 ஜூலை, வியாழன். ஆடி அமாவாசை

சேதுக்கரையில் நிற்க இடமில்லை. அவன் பைக்கில் தனியாக வந்து, வேன்கள் நிறுத்திய பக்கமாக நின்றான். எங்கள் பக்கம் வரவே இல்லை. வராமல் இருந்தால் சரி என்று நினைத்தேன். ஆனாலும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாகேந்திரன் வேட்டியை இறுக்கிக்கொண்டு உட்காரப் போனார். பக்கத்தில் யாருக்கோ மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே தூரத்தில் நின்றவன் அதைக் கேட்டுக் கையைக் குவித்திருந்தான். எள் இல்லை, தண்ணீர் இல்லை. வெறுங்கை.

"ஏலே, இங்கன வா."

என் குரல்தான். அவனுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வந்தான்.

"இவர் இறந்தவருக்கு என்ன வேணும்?" என்றார் ஐயர்.

"மகன்" என்றேன்.

நாகேந்திரன் எழுந்து இடம் விட்டார். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யா பேரைச் சொல்லச் சொன்னபோது அவனுக்கு நாக்கு எழவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் எல்லோருக்கும் நல்ல பசி. ஒரு சைவ ஓட்டலில் நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். சாம்பாரை வாயில் வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

"உப்பே இல்லைல்ல?" என்றேன்.

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பருப்பும் வேகல."