உங்கள் சைக்கிளோடு ரயிலில் வந்தேன்

என்னைக் கேட்காமலே போய்ச் சேர்ந்த என் மாமாவுக்கு,

நேற்று சேலத்துக்குப் போய், வேலைக்காக நீங்கள் தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு வந்தேன். இரண்டு லுங்கி, ஒரு போர்வை, நம் பாப்பாவின் போட்டோ. இவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். உங்களோடு தங்கியிருந்த சங்கராபுரத்துச் செல்வம் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

“அண்ணி, இது அண்ணனோட சைக்கிளு. எடுத்துக்கினு போங்க.”

“இன்னாங்க சொல்றீங்க? அவருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாதே.”

“நல்லா சொன்னீங்க போங்க! மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்க தெனமும் இதுலதான் வருவாரு. ரெண்டு கையும் வுட்டுட்டு ஓட்டுவாரு அண்ணி!”

கல்யாணமாகி ஒன்பது வருடமாக ஊரில் யார் மிதித்தது மாமா? நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நாள் முதல், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சின்னசேலத்துக்கும் நான்தானே மிதித்தேன்? நீங்கள் கேரியரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வருவீர்கள். டீக்கடையில் சிரித்தவர்களிடம், “எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உங்களுக்கு இன்னா வந்துச்சி?” என்று சண்டைக்குப் போனேன். நீங்கள் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தீர்களா?

பஸ்ஸில் ஏற்ற முடியாது என்றார்கள். அதனால்தான் ரயில். பார்சல் ஆபீசில் எழுதுகிறவர், “யார் சைக்கிள்மா?” என்று கேட்டார்.

“எங்க வூட்டுக்காரரோடதுங்க.”

“அவர் வரலியா?”

“தவறிட்டாருங்க. அவருக்கு ஓட்டத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க.”

ஏன் அதை அவரிடம் சொன்னேன் என்று இப்போதும் புரியவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, “உன் பேரைச் சொல்லும்மா” என்று கேட்டு, என் பெயரை ஒரு அட்டையில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டினார். சைக்கிளைக் கடைசிப் பெட்டியில் ஏற்றினார்கள். ஆத்தூரில் வண்டி நின்றபோது இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. “ஏறும்மா, எடுக்கப்போறோம்!” என்று கார்டு சத்தம் போட்டார்.

மறுபடி ஏறி உட்கார்ந்ததும், மனசு கேட்காமல், தியாகதுருகத்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அத்தே, உங்க புள்ளைக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”

“இன்னாம்மா கேள்வி இது? எட்டாவது படிக்கிறப்பவே ஓட்டுவானே.”

“எங்கிட்ட தெரியாதுன்னாரே அத்தே?”

“எனக்கு இன்னாம்மா தெரியும்? எம் பொண்டாட்டி ஜோரா ஓட்டுவா, நான் ஜம்முனு குந்திக்கினு போவேன்னு பெருமையா சொல்லுவான்” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

பெருமையா? அப்படியென்றால் களை வெட்டி இடுப்பு ஒடிந்து வந்த நாளில்கூட என்னை மிதிக்க விட்டீர்களே, அது என்ன? பாப்பா ஆறு மாதம் வயிற்றில் இருந்தபோது, “ஓட்டாத, நடந்தே போலாம்” என்று கூடவே வெயிலில் நடந்தீர்களே, அது என்ன? அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே? ஜன்னலோரம் உட்கார்ந்து உங்களைத் திட்டினேன், அழுதேன், மறுபடி திட்டினேன். எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சின்னசேலத்தில் இறக்கிக் கொடுத்தார்கள். எனக்குக் கால் எட்டவில்லை. வெளியே ஒரு கடையில் சீட்டை இறக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பழைய வண்டியைவிட லேசாகத்தான் போகிறது. ஆனால் பின்னால் பாரம் இல்லாமல் மிதித்துப் பழக்கமே இல்லை மாமா. ஹேண்டில் ஆட ஆட, பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இன்று காலையில் கரும்பு வெட்டுக்கு இதில்தான் போனேன். ஏன் மறைத்தீர்கள் என்று இன்னும் தெரியவில்லை. இனிமேல் யாரிடமும் கேட்கப்போவதும் இல்லை. உங்கள்மேல் இருக்கிற கோபம் தீருகிற வரைக்கும் இதைத்தான் மிதிப்பேன். தீர்ந்துபோனாலும் விட மாட்டேன்.

இன்னும் உங்கள்மேல் கோபமாக இருக்கும்,
உங்கள் பெண்டாட்டி வசந்தா