மன்னித்துவிட்டேன் என்று எழுதாதே

அருமை மருமகள் சிட்டுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை போனது. பொய்யாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். போனில் சொல்லலாம்தான். உன் குரலைக் கேட்டதும் ஓவென்று அழுதுவிடுவேன், விஷயம் வெளியே வராது.

என் முட்டிவலி அப்படியே இருக்கிறது. உன் மாமா புதிதாகப் பல்செட் வைத்திருக்கிறார். ஆமென் என்று உரக்கச் சொன்னால் அதுவும் சேர்ந்து வெளியே வருகிறது. இப்போதே சிரித்துக்கொள். இனிமேல் இந்தக் கடிதத்தில் சிரிப்பு இல்லை.

உன் அப்பாவிடமிருந்து உனக்கு ஒரு கடிதம் வரும். நேற்றுத் தபாலில் போட்டான். அதை முந்தத்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். ஐந்து வருஷமாக நீ காத்துக்கிடந்த கடிதம்தான். உன் கல்யாணத்துக்கு வராததற்கும், நீங்கள் ஜோடியாக வந்தபோது கதவைச் சாத்தியதற்கும் மன்னிப்புக் கேட்டிருப்பான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டான், அதனால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். படி, அழு. பதில் மட்டும் எழுதாதே.

போன மாசம் ஆராதனை முடிந்து வந்தால், என் வாசலில் நிற்கிறான். கைகூப்பி, "அக்கா, தெரிஞ்சும் தெரியாமலும் உன்னை நோகடிச்சிருக்கேன். மன்னிச்சு எனக்கு விடை குடு" என்றான். உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு சமண வழிக்குப் போனவன், அவள் கண்மூடிய பிறகு நம் பக்கமே திரும்புகிறான் என்று பூரித்துப்போனேன். "எல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சுடா, நிம்மதியா போ" என்றேன். அடுத்த வாரம் சபையில் எழுந்து, தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று சாட்சி வேறு சொன்னேன். என் வாய் சும்மா இருக்குமா?

பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வழியில், உணவை விட்டு உயிரை விடும் விரதம் எடுக்கிறவர், சொந்தபந்தம் எல்லாரிடமும் முதலில் மன்னிப்பும் விடையும் வாங்க வேண்டுமாம். நான் சிரித்த முகத்தோடு கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணினால் சில வருஷம் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். மாட்டேன் என்கிறான். சோறு நின்றது. போன வாரம் பாலும் நின்றது. தன் கண்ணாடிக் கடையில் பழுதுபார்க்கக் கிடந்தவற்றை வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டான்.

சண்டை போட்டுப் பார்த்தேன். "சிலுவையில ஒருத்தர் எல்லாத்தையும் சுமந்து தீர்த்துட்டார்டா, கை நீட்டி வாங்கிக்கிறதுதான் நம்ம வேலை" என்றேன். "என்மேல ஒட்டின வினையை இன்னொருத்தர் எப்படிக்கா கழுவுவார்? நானே ஒட்டிக்கிட்டது, நான்தான் உதிர்க்கணும்" என்றான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அவர்களுடைய துறவியிடமும் போனேன். கெட்டவர் இல்லை. மகள் விடை கொடுக்காமல், தண்ணீரையும் விடும் அந்தக் கடைசி விரதத்தைத் தரமாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டாராம். "நான் குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிறேன் சாமி" என்று கெஞ்சினேன். "குடுத்த மன்னிப்பை எப்படிம்மா திருப்பி எடுப்பீங்க?" என்று கேட்டார். நம் போதகரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். திரும்பி வந்தேன்.

இனி நீ ஒருத்திதான். அப்பனை மன்னி, மன்னி என்று கடிதத்துக்குக் கடிதம் உன் உயிரை வாங்கியவள் நான். இன்று நானே மன்னிக்காதே என்கிறேன். பாவம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், என் கணக்கில் இருக்கட்டும். அவன் இன்று காலையிலேயே குளித்து, வெள்ளை உடுத்தி, உன் பதிலைக் கொண்டுவரும் தபால்காரருக்காக வாசலில் உட்கார்ந்துவிட்டான். கல்யாணத்துக்குக் காத்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி.

நீ கிளம்பி வா. வந்து அவன் முகத்துக்கு நேரே கத்து. பழசையெல்லாம் கிளறு. எவ்வளவு கெஞ்சினாலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே, கண்ணு.

நீ வந்து சேரும்வரை கர்த்தர் உன் இருதயத்தைக் கல்லாகவே வைத்துக் காப்பாராக.

உன் அத்தை