அவர் குரலின் உரிமம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் "தண்ணி" என்று கேட்க என் வீட்டுக்காரருக்கு ஐந்து நிமிடம் ஆனது. அவர் பட்டனை அழுத்திவிடுகிறார், கம்ப்யூட்டர்தான் தூங்கிவழிகிறது. தசைகளை ஒவ்வொன்றாகத் தின்னும் இந்த நோய் அவருக்கு விட்டுவைத்திருப்பது கண்களையும் வலது ஆள்காட்டி விரலையும்தான். பேச்சு போகும் முன்பே, எதிரொலி விழாமலிருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தார். அதிலிருந்து பேச்சு மென்பொருள் அவர் குரலையே எடுத்துக் கொடுத்தது. இருபத்தெட்டு வருடம் கணக்கு வாத்தியாராகக் கத்திய அதே கரகரப்பு.

ரிப்பேர்காரர் வந்து பார்த்தார். "புதுசு வாங்க வேணாம்க்கா. உள்ள இருக்கறத மட்டும் மாத்திடலாம்."

வீட்டுக்காரரைக் கேட்டேன். "ஓடற வரைக்கும் ஓடட்டுமே" என்றார். நான்தான் காதில் வாங்கவில்லை.

மார்ச் 6

மதர்போர்டு, பிராசசர், மெமரி எல்லாம் புதிது. சட்டென்று திறக்கிறது. பேச்சு மென்பொருளைத் தொட்டால் மட்டும் ஒரு பெட்டி: 'இந்த உரிமம் வேறொரு கணினிக்கு உரியது.'

அதே மேசை, அதே திரை. எப்படி வேறொரு கணினி?

"மதர்போர்டு நம்பர வச்சுத்தான் இது மெஷின அடையாளம் பாக்குது போல," என்றார் ரிப்பேர்காரர். "மாத்தறதுக்கு முன்னாடியே லைசென்ஸ பழசுலேர்ந்து விடுவிச்சிருக்கணும். எனக்குத் தோணல."

"சரி, பழசையே மாட்டுங்க."

ரிப்பேர்காரர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "அது நேத்தே பழைய சாமான் வண்டியில போயிடுச்சுக்கா."

மார்ச் 7

இன்று வீட்டில் என் குரல் மட்டும்.

மார்ச் 9, திங்கள்

மென்பொருள் கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். போனில் நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு மேடம்?"

"என் வீட்டுக்காரர் பேர்ல."

"அவரே லைன்ல வந்து உறுதி பண்ணணும்."

"அவரால பேச முடியாதும்மா. பேசறதுக்குத்தான் அந்த மென்பொருளே."

"புரியுது மேடம். ஆனா அவர் குரல்ல சொன்னாத்தான் பதிய முடியும்."

என்ன செய்வது? போனை அவர் வாயருகே பிடித்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் போயிற்று. "சார்? சார், கேக்குதா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணோரம் சுருங்கியது. சிரிக்கிறார் மனுஷன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 18

டாக்டர் சான்றிதழ், ரசீது, அடையாள அட்டை எல்லாம் அனுப்பி, இன்று புது உரிமம் வந்தது. மென்பொருள் திறந்தது. நல்ல சேலை ஒன்றைக்கூட உடுத்திக்கொண்டேன், பைத்தியக்காரி மாதிரி.

குரல் திறக்கவில்லை. அது பழைய உரிமத்தோடு சேர்த்துப் பூட்டியதாம். கம்பெனி கைமாறியபோது, அவர் அனுப்பியிருந்த மூலப் பதிவுகளையும் அழித்துவிட்டார்களாம். அவர் எழுதினால் யாரோ ஓர் இளைஞன் பேசுகிறான், செய்தி வாசிப்பது போல.

"இது யாரு?" என்று அந்த இளைஞன் கேட்டான்.

பிறகு, "மூடு."

நான் ஏன் அவசரப்பட்டேன்? தண்ணிக்கு ஐந்து நிமிடம் காத்திருந்தால் என்ன குடியா முழுகிப் போயிருக்கும்?

மார்ச் 25

கம்ப்யூட்டரைத் தொட மறுக்கிறார். விரலும் சரியாக அழுந்துவதில்லை. அட்டையில் எழுத்துப் பலகை எழுதினேன். முதலில் மெய்களின் மேல் என் விரல் நகரும். வேண்டிய இடத்தில் கண்ணை மூடுவார். அப்புறம் உயிர்கள். ஓர் எழுத்து வந்ததுமே மீதியை நான் ஊகித்துச் சொல்லிவிடுகிறேன். தப்பென்றால் முறைக்கிறார். வகுப்பில் இப்படித்தான் முறைத்திருப்பார் போல.

ஏப்ரல் 2

மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரி.

ஏப்ரல் 4, சனி

டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று சொன்னார். நுரையீரல் தளர்ந்துவிட்டது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் மெஷின் மூச்சு விடும், வருடக்கணக்கில்கூட. இல்லையென்றால் சில வாரம்.

"போடலாமா வேண்டாமான்னு அவர்தான் சொல்லணும்."

பலகையை எடுத்தேன். வ-வில் கண் மூடினார். ஏ-யில் மூடினார். வே.

எப்போதும் இங்கேயே நான் வார்த்தையைச் சொல்லியிருப்பேன். இன்று வாயைத் திறக்கவில்லை.

அடுத்து ண. இனி உயிர்தான் பாக்கி. 'வேணும்' என்றால் உ வரை போக வேண்டும். அ... ஆ... கண் மூடிவிட்டது. இமை தானாக விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி அ-விலிருந்து வந்தேன். ஆ-வில் மூடினார். திறந்து என்னையே பார்த்தார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் டாக்டர். அவர் நின்ற இடத்திலிருந்து பலகை தெரியாது.

வேறு என்னவும் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? எனக்கும் அவருக்கும்தான்.

"வேணாமாம்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காதீங்க. இது அவர் சொல்றதா, நீங்க சொல்றதா?"

"அவர் சொன்னதுதான்," என்றேன்.