பெரட்டுக்களத்தில் தோற்ற தீர்ப்பு

அனுப்புநர்:
அந்தோனிமுத்து டோரீன்,
மூன்றாம் லயம், மேற்பிரிவு,
சந்தனமலைத் தோட்டம், ஹட்டன்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்.

பொருள்: மயானப் பாதையைத் திறக்கச் சொன்ன கோர்ட்டுத் தீர்ப்பை உங்கள் உத்தியோகத்தர் கை தூக்கச் சொல்லித் தோற்கடித்தது பற்றி.

மதிப்புக்குரிய ஐயா,

1. போன ஞாயிற்றுக்கிழமை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் இருந்தவர்கள்: உங்கள் கிராம உத்தியோகத்தர் கஜேந்திரன், தோட்டத் தலைவர் செல்லசாமி, பக்கத்துக் காம்பரா ராசம்மா, என் மகன் மிலான், மேற்பிரிவு ஜனம் முழுக்க, கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரர் ஆறு குடும்பம், நான். இல்லை என்பவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

2. மயானத்துக்கு இருப்பது ஒரே ரோடு. அது கோயில் வாசலால் போகிறது. கோயில்காரர் பிணம் போகும்போது கோயில் கதவைச் சாத்தினால் போதும். எங்கள் வேதக்காரர் பிணத்துக்குக் கதவு பத்தாதாம். செல்லசாமி ரோட்டுக்கே கேட் போட்டுப் பூட்டினார். அதனால் என் வீட்டுக்காரரை மழையில் தேயிலை மலை வழியாகத் தூக்கிப் போனோம். தண்ணீர் ஓடும் கானில் வழுக்கிப் பெட்டி விழுந்து மூடி திறந்துகொண்டது. அவர் முகத்துச் சேற்றை என் முந்தானையால்தான் துடைத்தேன். அதற்குப் பிறகே கோர்ட்டுக்குப் போனேன்.

3. பாதை எல்லாருக்கும் பொது, பூட்டை எடு என்று நீதவான் அம்மா தீர்ப்புச் சொன்னார். பூட்டை எடுக்க வந்த கஜேந்திரன், "தீர்ப்பு பிடிக்காதவங்க கையத் தூக்குங்க" என்றார். எங்கள் தோட்டத்தில் திருவிழாவுக்கு நாள் குறிப்பது அப்படித்தான். தலைவர் கை எழும்பினால் எல்லார் கையும் எழும்பும். திருவிழாவுக்கு நாள் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தூக்கிவிட்டதாக ராசம்மா சாயங்காலம் வந்து சொன்னாள். கஜேந்திரனோ, பொதுமக்கள் விரும்பவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பூட்டு அப்படியே தொங்குகிறது.

4. கோர்ட்டுக்கு மேலே அப்பீல் கோர்ட்டு உண்டு என்று கேள்வி. அதற்கும் மேலே எங்கள் பெரட்டுக்களம் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. இனி நீதவான் அம்மா இங்கே வந்து கைகளைப் பார்த்துவிட்டே தீர்ப்பு எழுதட்டும், காகிதமாவது மிச்சம். எல்லாருக்கும் பிடித்திருந்தால் நாங்கள் கோர்ட்டுக்கு ஏன் போகிறோம்? ரோட்டாலேயே போயிருப்போமே.

5. எங்கள் அப்பன் காலத்தில் பாராளுமன்றத்திலும் கை தூக்கித்தான் தோட்டத்து ஜனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். அன்றைக்குக் கோயில்காரனா வேதக்காரனா என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் பொதுமக்கள் விருப்பம்தான் என்று செல்லசாமிக்கு யாராவது ஞாபகப்படுத்தினால் புண்ணியமாகப் போகும்.

6. ஆகையால், யாரையும் எதையும் கேட்காமல் அந்தப் பூட்டை உடைத்துத் தரும்படி தாழ்மையுடன் கேட்கிறேன். அடுத்துப் போகவேண்டியவள் நான். எனக்கு மலையேற முடியாது.

7. செல்லசாமியை மன்னிக்கலாம், அவர் புத்தி அவ்வளவுதான். கஜேந்திரனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ராசம்மாவோடு தீபாவளி வரைக்கும் பேசமாட்டேன். ஆனால் தன் அப்பன் பெட்டிக்கு முன்னால் தோள் கொடுத்தவன் ஒருவன், பெரட்டுக்களத்தில் சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினான். அவனை மன்னிக்க மாட்டேன். ரோடு திறந்தாலும் என் பெட்டியை அவன் தொடக்கூடாது. இதையும் பதிந்துகொள்ளவும். அவன் பெயர் மிலான்.

சந்தனமலை
2024.08.09

இப்படிக்கு,
அ. டோரீன்