இருவருக்கும் ஒரு மெஷின்

மச்சான்,

உன் முடிவெட்டும் மெஷினுக்கு இன்று பற்றரி மாற்றினேன். கடையில் ஈயம் உருகிய புகை இன்னும் என் சட்டையில் மணக்கிறது. பாசிக்குடா ஹோட்டலில், வேலையாட்கள் பக்கம் நாம் இருந்த அதே அறையில் இருந்துதான் எழுதுகிறேன். உன் கட்டிலுக்கு இன்னும் ஆள் போடவில்லை. போட்டால் நான் சண்டை பிடிப்பேன் என்று மனேஜருக்குப் பயம் போலிருக்கிறது.

நீ கத்தாரிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் எனக்குக் கிடைத்தது இந்த மெஷினில் பாதி. தலையும் தாடியும் ஒழுங்காக இல்லாதவனை மனேஜர் சாப்பாட்டு மண்டபத்துக்குள் விடமாட்டார். அதனால் வேலைக்குப் போகுமுன் வாளியைக் கவிழ்த்து என்னை அதன்மேல் இருத்துவாய். முகத்தை அவரவர் பார்த்துக்கொள்வோம்; பிடரி மட்டும் மற்றவன் பொறுப்பு.

"குனி மச்சான். இந்தப் பக்கம் கிறுகு. ஆடினா காதும் சேர்ந்து போகும்" என்பாய்.

உனக்கு வெட்டும்போது வேண்டுமென்றே ஒரு பக்கத்தை ஏற்றிவிடுவேன். அது தெரியாமல் நீ நாள் முழுக்க மிடுக்காகத் திரிவாய்.

நீ போய்ச் சேர்ந்த அன்று உன் மையத்தோடு ஏறாவூருக்கு வந்து, குழியில் மண் போட்டுவிட்டுத் திரும்பிய பிறகு மெஷினைத் தொட மனம் வரவில்லை. தாடி வளர்ந்தது. மனேஜரும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் எடுத்து, இரவெல்லாம் சார்ஜ் ஏற்றியும், கொஞ்சம் முனகிவிட்டு நின்றுபோனது. டவுனில் ஒரு கடைக்காரர், உள்ளே வைத்து ஒட்டிய பற்றரி, மாற்ற ஏலாது, புதிது எடுங்கள் என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"புதுசு எவ்வளவும் வாங்கலாம். எனக்கு இதுதான் ஓட வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன் திருத்தும் ஒரு பெண்தான் ஒட்டுத்தாளை உரித்து, அதற்குக் கீழே ஒளிந்திருந்த ஆணிகளைக் கழற்றினாள். பற்றரி உப்பியிருந்தது. அதைச் சுற்றி முடித்தூள். கறுப்பு என்னுடையது, நரை உன்னுடையது. துடைக்க அவள் தூரிகையை எடுத்தபோது, "கொஞ்சம் பொறுங்க தங்கச்சி" என்றேன். பொறுத்தாள். வைத்திருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை, நானே ஊதிவிட்டேன். அதே அளவுப் பற்றரியை முனை பார்த்து வைத்து, ஈயத்தால் ஒட்டித் தந்தாள்.

இப்போது நன்றாக ஓடுகிறது. கன்னம், தாடை எல்லாம் முடித்துவிட்டுப் பிடரிக்குக் கொண்டுபோனேன். கை எட்டியது, கண் எட்டவில்லை. ஆனால் அந்த இரைச்சல் காதுக்குப் பின்னால் வந்ததும் என் தலை தானாகக் குனிந்துவிட்டது மச்சான். முடிந்துவிட்டது என்று நீ சொல்லாமல் நிமிரத் தெரியாதவனாகக் கனநேரம் அப்படியே இருந்தேன்.