ஹாம்பர்க்கா மியூனிக்கா என்று கேட்ட மகளுக்கு

ஃபிங்கன்வெர்டர், ஹாம்பர்க்
ஞாயிறு மாலை

அன்பு மகள் வீப்கெவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், கடல் தாண்டி பூசானில் இருக்கிற நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை. தோட்டத்து ஆப்பிள் இந்த வருஷம் கொள்ளையாய்க் காய்த்துக் கிடக்கிறது, பாதியைக் கூழாக்கிப் புட்டியில் அடைத்துவிட்டேன். நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. கம்பெனியில் உன்னை ஜெர்மனிக்கே திருப்பி அனுப்புகிறார்கள், ஹாம்பர்க் ஆபீஸா மியூனிக் ஆபீஸா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், நீங்க என்னம்மா சொல்றீங்க என்று கேட்டாய். இதென்னடி கேள்வி, பேசாம வீட்டுக்கு வா என்றேன். நீ சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது உறைக்கவில்லை, பக்கத்தில் இருந்த அப்பாவுக்கு உறைத்திருக்கிறது.

மறு வாரம் அப்பா, கப்பல் பட்டறையில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் ப்ரேமனில் இருக்கிறார், பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தவர் பையிலிருந்து தெற்கத்திக்காரர்கள் தொட்டுக்கொள்கிற இனிப்புக் கடுகு விழுது ஒரு புட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். ப்ரேமன்ல எவன் இதை விக்கிறான் என்று கேட்டேன். பையை மடித்து வைத்துக்கொண்டே, மியூனிக்குக்குப் போயிருந்தேன் ஹன்னெ என்றார். அந்தப் பக்கத்துப் பவேரியாக்காரனுங்க காலையிலேயே பீர் குடிக்கிற கூட்டம் என்று ஆயுசு முழுக்கக் கேலி பேசிய மனுஷன், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நாள் பூராவும் ரயிலில் உட்கார்ந்து போயிருக்கிறார். அங்கே மரத்தடியில் மேஜை போட்டுப் பீர் கொடுக்கிற ஒரு தோட்டத்தில் காலியாய் இருந்த மேஜையில் உட்கார, அது ஊர்க்காரர்கள் தினமும் கூடுகிற மேஜையாம், ஒரு பெரியம்மா வந்து, எந்திரிய்யா வடக்கத்தியானே, இது எங்க இடம் என்று விரட்டிவிட்டு, அவர் எழுந்திருக்கப் படுகிற பாட்டைப் பார்த்து, சரி சரி ஒக்காரு என்று அவளே நகர்ந்து இடம் கொடுத்தாளாம். பொண்ணு இங்க வேலைக்கு வரலாமான்னு யோசிக்கிறா, அதான் ஊரைப் பாக்க வந்தேன் என்று அப்பா சொல்ல, வாடகையைக் கேட்டா மயக்கம் போட்டுருவா, மத்தபடி பழகிரும், ஒருத்தர் வீட்டுக் கதையை ஒருத்தர் தோண்ட மாட்டோம் என்றாளாம் அவள். இதைச் சொல்லிச் சிரித்த அப்பா திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டார். அவ ஆபீஸுக்குப் பக்கத்துலயும் ஒரு ஆறு ஓடுது ஹன்னெ, முழங்கால் தண்ணிதான், அடியில கெடக்கிற கல்லெல்லாம் தெரியுது, கப்பலே கெடையாது, அவ அங்கயே போகட்டும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், பெத்த பொண்ணைத் தொரத்தறதுக்கா ரயிலேறிப் போனீங்க என்று கத்திவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆர்னெ விழுந்த ஆத்தை நம்ம சமையக்கட்டு ஜன்னல்லயே வச்சுக்கிட்டு, அவளை வா வான்னா எப்படி வருவா என்றார். ஆர்னெ போனதிலிருந்து மாப்பிள்ளையின் பேரை இந்த வீட்டில் நாங்கள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, அன்றைக்குத்தான் சொன்னார். அப்புறம் நான் அவரோடு பேசவில்லை, சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்தேன்.

போன சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனேன். கடைக்கார ஓல்சன் அம்மா வாய் நல்ல வாய்தான், ஆனால் அடங்காது. வீப்கெ வர்றாளாமே, பாவம், கப்பல் ஏணியில கால் வழுக்கி அந்தப் பையன் போனதை நெனச்சா இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல, இந்த வயசுலயே இவளுக்கு இப்படியா எழுதியிருக்கணும் என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் பொல்லாப்பு இல்லை மகளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ இங்கே வந்தால் தினமும் ரொட்டியோடு இதையும் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று தோன்றியது. படகுத் துறை வரைக்கும் நடந்தேன், ஒரு பெரிய கப்பல் வந்துகொண்டிருந்தது, துறைமுகத்துக்குள் வழிகாட்டப் போகிற ஆளின் சின்னப் படகு அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போயிற்று, ஆர்னெ பார்த்த அதே வேலை. அந்த ஆள் ஏணியைப் பிடித்து மேலே ஏறி முடிக்கிறவரை நான் மூச்சு விடவில்லை. எனக்கே இப்படி என்றால் உனக்கு எப்படி இருக்கும். வீட்டுக்கு வந்து, நீங்க சொன்னதுதான் சரி என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜெயித்த மாதிரி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ரெண்டு பேரும் அழுதோம்.

நீ எங்களுக்காக இரக்கப்பட்டு ஹாம்பர்க் என்று எழுதிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் உன் மாடி அறையை வாடகைக்கு விட்டுவிட்டோம். ஓல்டன்பர்க்கிலிருந்து நர்ஸ் படிக்க வந்த பெண், அடக்கமானவள், நேற்றே குடி வந்துவிட்டாள். உன் சாமான்களைப் பெட்டியில் கட்டி அலமாரி மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன். அம்மா கதவைச் சாத்திவிட்டாள் என்று நினைக்காதே. உனக்கே ஹாம்பர்க்தான் வேண்டும் என்றால் வா, தனியாய் வீடு பார்த்துக்கொள், நாங்களே கூட வந்து தேடுகிறோம். மியூனிக் என்றால் பண்டிகைக்கு வா, வந்தால் என் பக்கத்தில் படுத்துக்கொள், அப்பா சோபாவுக்குப் போகட்டும்.

அப்பா மியூனிக் போய் வந்ததை நான் எழுதியதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே, கூச்சப்படுவார். மாதம் முடிகிறவரை இழுக்காமல் கம்பெனிக்குப் பதில் சொல்லிவிடு. நீ எந்த ஊரில் கால் வைத்தாலும் அந்த ஊர் உன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அங்கே உனக்கு நல்ல தூக்கம் வர வேண்டும் என்று ஆண்டவனை வேண்டிக்கொண்டு,

உன் அம்மா,
ஹன்னெலோரே